லிங்கனின் தந்தை

அமெரிக்காவின் பதினாறாவது ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையை நாம் சிறு வகுப்புகளிலேயே படித்துவிடுகிறோம். மரக்குற்றிகளால் கட்டிய குடிசையும் அடுப்பு வெளிச்சத்தில் வாசித்த சிறுவனும் நம் மனதில் நிற்கின்றன. அந்தக் குடிசையைக் கட்டியவர் யார் என்று கேட்பவர் குறைவு. அவர் பெயர் தோமஸ் லிங்கன். விவசாயி, தச்சுத்தொழிலும் தெரிந்தவர். மகனின் வரலாற்றை எழுதிய பலர் தந்தையைச் சோம்பேறி என்றும் ஓரிடத்தில் நிலைக்காதவர் என்றும் எழுதி வைத்தனர். அவர் ஏன் நிலைக்கவில்லை என்பதை அறிய, அவர் வாழ்ந்த காணிகளின் கதையைப் பார்க்க வேண்டும். உறுதிக் காணி, பேர்மிட் காணி என்ற பேச்சை வீட்டிலேயே கேட்டு வளரும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அது விளங்கச் சிரமம் இராது.

லிங்கன் குடும்பத்தின் மூதாதை சாமுவேல் லிங்கன், இங்கிலாந்தில் நெசவு பழகியவர். (மருதமுனை மாணவியர் கவனிக்க!) 1637இல் கப்பலேறி மசாசுசெட்ஸ் கரைக்கு வந்தார். அவருடைய சந்ததியினர் தலைமுறைக்குத் தலைமுறை புதுக் காணி தேடி நியூ ஜேர்சி, பென்சில்வேனியா, வேர்ஜீனியா என்று நகர்ந்தனர். வேர்ஜீனியாவில் 1778 ஜனவரி 6ஆம் திகதி தோமஸ் பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ஆபிரகாம்தான். பாட்டனின் பெயரையே பேரனுக்கு இட்டார்கள்.

பாட்டன் ஆபிரகாம் குடும்பத்தோடு மலைகளைக் கடந்து கென்ரக்கிக்குப் போனார். 1786இல் மூன்று ஆண்மக்களோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது, காட்டுக்குள் இருந்து வந்த குண்டு அவரைச் சாய்த்தது. சுட்டவர் செவ்விந்தியர். அந்த மண் முதலில் அவர்களுடையது என்பதையும், அவர்களிடம் கேட்டு எவரும் அதை எடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஜோசையா உதவி தேடி ஓடினான். மூத்தவன் மோர்டெக்காய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தான். எட்டு வயதுத் தோமஸ் தந்தையின் உடல் அருகே நின்றுவிட்டான். அவனை நெருங்கிய செவ்விந்தியரை மோர்டெக்காய் சுட்டு வீழ்த்தினான்.

உயிர் தப்பியது, காணி தப்பவில்லை. அன்றைய சட்டப்படி தந்தையின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேர்ந்தது. மோர்டெக்காய் வசதியாக வாழ்ந்தார். இளையவன் தோமஸ் கூலி வேலைக்குப் போனான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகே மற்றதை யோசிக்கும் நம் ஊரிலிருந்து பார்க்கையில் அந்தச் சட்டம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

கூலியில் மிச்சம் பிடித்து 1803இல் 238 ஏக்கர் காணி வாங்கினார் தோமஸ். சோம்பேறியால் ஆகிற காரியமா இது? 1806இல் நான்சி ஹாங்ஸ் என்ற பெண்ணை மணந்தார். 1807இல் மகள் சாரா, 1809 பெப்ரவரி 12இல் மகன் ஆபிரகாம் பிறந்தனர். அடுத்துப் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களே வாழ்ந்தது.

அன்றைய கென்ரக்கியில் காணியை அளக்க ஒழுங்கான முறை இருக்கவில்லை. ஒரு மரத்திலிருந்து ஓடை வரை, ஓடையிலிருந்து ஒரு பாறை வரை என்று எல்லை எழுதினார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே நிலத்துக்கு இருவர் மூவர் உரிமை கோரினர். தோமஸின் முதற் காணியில் அளவுப் பிழையால் 38 ஏக்கர் குறைந்து போயிற்று. இரண்டாவது வழக்கில் போயிற்று. மூன்றாவதிலிருந்து அவரை வெளியேற்ற வழக்குத் தொடர்ந்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாமல் பெயரை மட்டும் சிரமப்பட்டு ஒப்பமிடும் ஒருவர், வழக்கறிஞர்களுக்கு முன்னால் என்ன செய்வார்? 1816இல் மனைவி மக்களுடன் ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குப் போனார். அங்கே அரசாங்கமே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றது. அடிமை முறையும் அங்கே தடை செய்யப்பட்டிருந்தது. தோமஸும் நான்சியும் சேர்ந்திருந்த தேவாலயம் அடிமை முறையை எதிர்த்த ஒன்று. காணியும் அடிமை முறையுமே இடம்பெயர்வுக்குக் காரணம் என்று பிற்காலத்தில் மகனும் எழுதினார். ஆனால் காணித் தொல்லையையே பெரிய காரணமாகக் காட்டினார்.

இரண்டு ஆண்டுகளில் நான்சி இறந்தார். நச்சுச் செடியொன்றைத் தின்ற பசுவின் பாலால் வரும் நோய் அது. தோமஸ் பலகை அறுத்து மனைவிக்குப் பெட்டி செய்தார். பதினொரு வயதுச் சாரா அடுப்படியை ஏற்றாள். தாயில்லாத அந்த வீடு ஓராண்டுக்குள் சீர்குலைந்தது.

1819 டிசம்பரில் தோமஸ் கென்ரக்கிக்குத் திரும்பிப் போய், முன்பே அறிந்த சாரா புஷ் ஜோன்ஸ்ரன் என்ற விதவையை மணந்தார். திருமணத்துக்கு முன் அவருடைய கடன்களை அடைத்தார். அந்தப் பெண் மூன்று பிள்ளைகளோடும், வண்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமான்களோடும் வந்து இறங்கினார். மண் தரைக்குப் பலகை போடச் செய்தார். அழுக்கோடு நின்ற இரு பிள்ளைகளையும் குளிப்பாட்டினார். தன் பிள்ளைகள், அவர் பிள்ளைகள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. கதைகளில் வரும் மாற்றாந்தாயை மட்டும் அறிந்தவர்கள் இவரை அறிய வேண்டும். தானே எழுத்தறியாதவர், ஆபிரகாமின் வாசிப்பைக் காத்து நின்றார்.

தந்தைக்கு அந்த வாசிப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மகனை அயலாரிடம் கூலிக்கு அனுப்பினார். இருபத்தொரு வயது வரை மகனின் கூலி சட்டப்படி தந்தைக்கே உரியது. அந்தக் கசப்பு மகனின் மனதில் தங்கிவிட்டது. 1828இல் மூத்த சகோதரி சாரா பிரசவத்தில் இறந்தாள். 1830இல் குடும்பம் இலினோய்க்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டே ஆபிரகாம் தனிவழி போனார்.

1841இல் தந்தைக்குப் பணமுடை வந்தது. வழக்கறிஞராகிவிட்ட மகன் 200 டொலர் கொடுத்து அவருடைய காணியில் 40 ஏக்கரை வாங்கினார். தந்தையும் சிறிய தாயும் உயிரோடு இருக்கும் வரை அதன் பயன் அவர்களுக்கே என்றும் உறுதியில் எழுதினார். காணி காணியாக இழந்த ஒருவருக்கு இதைவிடத் தக்க உதவி வேறென்ன?

ஆயினும் மனங்கள் சேரவில்லை. 1851 ஜனவரியில் தந்தை மரணப்படுக்கையில் கிடந்தபோது மகன் போகவில்லை, அடக்கத்துக்கும் போகவில்லை. மனைவி நோயுற்றிருந்தது உண்மை. அது மட்டுமே காரணம் என்று சொல்வது கடினம். இரண்டு ஆண்டுகளின் பின் பிறந்த தன் கடைசி மகனுக்குத் தோமஸ் என்று பெயரிட்டார்.

தந்தை இறந்த 1851ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே, சிறிய தாய் பெற்ற மகன் காணியை விற்றுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போக முயன்றான். ஆபிரகாம் கண்டிப்பாக மறுத்து எழுதினார். அந்த 40 ஏக்கர் தாயின் சீவியத்துக்கு உரியது. அவர் இருக்கும் வரை எவரும் அதில் கை வைக்கலாகாது என்பதில் உறுதியாக நின்றார். பெற்ற மகன் விற்கத் துணிந்த நிலத்தை வளர்த்த மகன் காத்தார்.

1861 ஜனவரியில், ஜனாதிபதியாகப் பதவியேற்க வாஷிங்ரன் செல்லுமுன், புகைவண்டியிலும் வண்டியிலுமாகப் பயணம் செய்து அந்தத் தாயைப் பார்க்க வந்தார். தந்தையின் அடையாளக்கல் இல்லாத அடக்கத்தலத்துக்கும் போனார். நான்கு ஆண்டுகளில் மகன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அந்த முதியவளை எட்டியது. 1869இல் அவர் மறைந்தார். தோமஸின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.