கிதார் வாசிக்கத் தெரியாது; ஆனால் பேஸ் கிதாரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்... யார் இந்த லியோ ஃபெண்டர்?

ஒரு பாட்டை போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாடகர் குரல் வரும், வயலின் வரும், டிரம்ஸ்கூட ஓரளவுக்கு வரும். அதே பாட்டை நல்ல இயர்போனில் கேட்டுப் பாருங்கள். அடியில் ஒருவர் கனமான குரலில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பார். 80-களின் இளையராஜா பாடல்களை இயர்போனில் கேட்பவர்கள், 'அட, இதுல இப்படி ஒண்ணு இருக்கா?' என்று ரீவைண்ட் பண்ணிக் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அதுதான் பேஸ் கிதார்.

பேஸ் வாசிப்பவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு சீக்கிரமே மூன்று விஷயத்துக்கு வந்துவிடும். எந்தக் கருவி, எந்தக் கம்பி, எந்த விரல். இந்த மூன்றையும் பேசும்போது தவறாமல் வரும் பெயர் ஃபெண்டர். அது வெறும் பிராண்ட் பெயர் இல்லை. கணக்குப் பிள்ளையாக வேலை பார்த்த ஒரு மனிதரின் குடும்பப் பெயர். கடைசியில் அந்தப் பெயரைத் தன் கருவியில் போடும் உரிமைகூட அவருக்கு இல்லாமல் போனது. அவர் தொழிற்சாலை நடத்திய விதத்தையும் பெயரை இழந்த விதத்தையும் படித்தால், திருப்பூர்க்காரர்களுக்கு இது ஏதோ தெரிந்த கதை மாதிரியே இருக்கும்.

ஆரஞ்சுத் தோட்டத்து ரேடியோ பையன்

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர், சுருக்கமாக லியோ. 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அனஹைம் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். எட்டு வயதில் இடது கண் போனது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க கண்ணாடிக் கண்தான்.

அவருடைய மாமா ஒருவர் கார்களுக்கான எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். லியோவுக்கு 13 வயதானபோது பழைய ரேடியோ பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். அத்தோடு முடிந்தது. பையன் ரேடியோவைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக ஆகிவிட்டான்.

ஆனால் கல்லூரியில் படித்தது அக்கவுன்டன்சி. எலெக்ட்ரானிக்ஸ் முழுக்க சொந்தமாகக் கற்றுக்கொண்டது. இசையில் பியானோ கொஞ்சம், சாக்ஸஃபோன் கொஞ்சம். கிதார் கடைசி வரைக்கும் அவருக்கு வாசிக்க வரவில்லை.

கடன் வாங்கிய 600 டாலர்

படிப்பு முடிந்து கணக்கு வேலையில் சேர்ந்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் ஊரில் 'ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ்' என்ற ரிப்பேர் கடையைத் திறந்தார்.

இந்தக் கடைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். உள்ளூர் இசைக்குழுக்காரர்கள் ஆம்ப்ளிஃபையர், மைக், எலெக்ட்ரிக் கிதார் என்று பழுதானதையெல்லாம் அங்கே கொண்டுவருவார்கள். எது எங்கே உடைகிறது, எது சத்தம் போடும்போது கீச்சிடுகிறது, எதைக் கழற்றவே முடியவில்லை என்பதெல்லாம் லியோவுக்கு அத்துப்படி ஆனது. வாசிக்கத் தெரியாதவர் என்பதால் வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளை முழுசாகக் கேட்டார். அதுவே அவருடைய பெரிய பலம் ஆனது.

1945-ல் டாக் காஃப்மன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் செய்யத் தொடங்கினார். அடுத்த வருடமே காஃப்மன் விலகிவிட்டார். லியோ தனியாகத் தொடர்ந்தார். 1950-ல் உள்ளே குடைவு இல்லாத, கெட்டி மரத்தில் செய்த எலெக்ட்ரிக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு அது 'டெலிகாஸ்டர்' என்ற பெயரில் பிரபலமானது.

பேஸ் கிதாருக்கு முன்னால் என்ன பிரச்சினை?

அதுவரை இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயி வாசிக்க இருந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும், வயலின் குடும்பத்துக் கருவி. அதில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. இரண்டு, டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் முழங்கும் மேடையில் டபுள் பேஸ் சத்தம் எடுபடாது. மூன்று, அதில் ஃபிரெட் கிடையாது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான். மெட்டு இல்லாததால் விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி விலகிவிடும். கிதார் வாசிப்பவர் அவசரத்துக்கு அதை எடுத்து வாசித்துவிட முடியாது.

இதற்குத் தீர்வு தேடிய முதல் ஆள் லியோ இல்லை. சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே ஃபிரெட் வைத்த எலெக்ட்ரிக் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். ஆனால் அது பரவவில்லை.

1951: பிரிசிஷன் பேஸ்

1951 கடைசியில் லியோவின் 'பிரிசிஷன் பேஸ்' வந்தது. கிதார் மாதிரியே தோளில் மாட்டலாம். நான்கு கம்பிகள், 20 ஃபிரெட்கள். கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸில் இது சுமார் 42 அங்குலம். ஃபிரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும். அதனால்தான் 'பிரிசிஷன்' என்ற பெயர். அடுத்த வருடமே இதற்கென்று 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபையரும் வந்தது.

தொழில்நுட்பம் கேட்க சிம்பிளாக இருக்கும். கம்பிக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். இதற்குப் பெயர் பிக்கப். மேலே உலோகக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அது ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சத்தமாகிறது.

கம்பியில் என்ன இருக்கிறது?

பேஸின் நான்கு கம்பிகள் இ, ஏ, டி, ஜி. இதில் கீழ் இ கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிரும். சாதாரண கிதாரின் கீழ் இ கம்பி சுமார் 82 முறை. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. போன் ஸ்பீக்கரின் சின்ன வாய்க்கு இந்தக் கீழ்ஸ்தாயி எட்டாது.

இவ்வளவு கீழே போக கம்பி நீளமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். வழக்கமான செட்டில் பேஸின் தடித்த கம்பி 0.105 அங்குலம், மெல்லியது 0.045 அங்குலம். எலெக்ட்ரிக் கிதாரின் மிகத் தடித்த கம்பியே ஏறக்குறைய இந்த மெல்லிய கம்பி அளவுதான்.

நடுவில் ஒரு இரும்புக் கம்பி, மேலே இன்னொரு கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றும் கம்பி தட்டையாக இருந்தால் 'ஃபிளாட்வூண்ட்'. விரலுக்கு வழவழப்பாக இருக்கும். நாதம் மெத்தென்று, டபுள் பேஸ் மாதிரி வரும். உருண்டையாக இருந்தால் 'ரவுண்ட்வூண்ட்'. கணீரென்று ஒலிக்கும், ஆனால் விரல் வழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் சேரும். 1960-களில் ராக் இசைக்காரர்கள் ரவுண்ட்வூண்ட் பக்கம் போனார்கள். எது நல்லது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பனியன் கம்பெனி போல ஒரு கிதார் கம்பெனி

அதுவரை நல்ல கிதார் என்றால் ஆசாரி ஒருவர் பார்த்துப் பார்த்து இழைத்தது. கழுத்துப் பகுதியை உடலோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். கழுத்து வளைந்தால் பெரிய வைத்தியம்தான்.

லியோ ரிப்பேர் கடைக்காரர். அவர் கழுத்தைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் செய்து, நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். இதனால் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. ஒரு இடத்தில் மரம் வெட்டுவது, ஒரு இடத்தில் பெயின்ட், ஒரு இடத்தில் பிக்கப் சுற்றுவது, கடைசியில் மாட்டிப் பார்த்துச் சரிசெய்வது. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரித்து ஓடும் திருப்பூர் பனியன் கம்பெனியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பிக்கப் சுற்றும் வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 1956-ல் அங்கே சேர்ந்த அபிகாயில் இபாரா பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தார். பிற்காலத்தில், அவர் கை பட்ட பிக்கப் என்றாலே தனி விலை. ஆனால் அந்தப் பெயர் வெளியே தெரிய ரொம்ப காலம் ஆனது.

வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்?

பிரிசிஷன் பேஸை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர், லயனல் ஹாம்டன் ஜாஸ் குழுவில் வாசித்த மாங்க் மான்ட்கோமரி. ஆனால் அந்தக் கருவியின் எல்லையைக் காட்டியவர் என்று பேஸ் ரசிகர்கள் சொல்வது ஜேம்ஸ் ஜேமர்சனை.

டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோ கலைஞர் அவர். 1962 மாடல் பிரிசிஷன் பேஸ், அதில் தடித்த ஃபிளாட்வூண்ட் கம்பிகள். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தார். மோட்டவுனின் எத்தனையோ ஹிட் பாடல்களில் அடியில் ஓடுவது அந்த ஒற்றை விரல்தான். ஆனால் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் 1971-ல்தான் முதல்முறை வந்தது. 1983-ல், 47 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அந்த பேஸ் திருடுபோனது.

பெயரையும் சேர்த்து விற்றவர்

லியோ நிற்கவில்லை. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார், 1960-ல் கழுத்து ஒல்லியான ஜாஸ் பேஸ் என்று வரிசையாக வந்தன. ஆர்டர் குவிந்தது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. சைனஸில் வந்த கிருமித் தொற்று பல வருடங்களாக விடவே இல்லை. இனி அதிக நாள் இருக்கமாட்டோம் என்றே நினைத்தார்.

1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். தொழிற்சாலை போனது. ஃபெண்டர் என்ற பெயரும் போனது. கொஞ்ச வருடத்தில் ஒரு டாக்டர் கொடுத்த மருந்தில் அந்தத் தொற்று சரியாகிவிட்டது!

சி.பி.எஸ். கைக்குப் போனபிறகு தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் புலம்பினார்கள். இன்றும் பழைய கருவிச் சந்தையில், 1965-க்கு முந்தையதா பிந்தையதா என்பதுதான் முதல் கேள்வி. விலையே அதை வைத்துத்தான்.

மறுபடியும் முதலில் இருந்து

போட்டி நிறுவனம் தொடங்கக் கூடாது என்ற ஒப்பந்தக் காலம் முடிந்ததும் லியோ திரும்பி வந்தார், வேறு பெயரில். 'மியூசிக் மேன்' நிறுவனத்துக்காக 1976-ல் அவர் பங்களிப்போடு வந்தது 'ஸ்டிங்ரே' பேஸ். உள்ளே பேட்டரி போட்டு இயங்கும் சர்க்யூட், பெரிய பிக்கப். விரலால் சுண்டியும் தட்டியும் வாசிப்பவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அங்கேயும் மனக்கசப்பு. 70 வயதில் பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து 'ஜி அண்ட் எல்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஜார்ஜ் அண்ட் லியோ என்பதன் சுருக்கம். அது இருந்த தெருவின் பெயர் ஃபெண்டர் அவென்யூ. தெருவுக்கு அவர் பெயர் இருந்தது, உள்ளே அவர் செய்த கருவிக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டின் கழுத்து லேபிளில் வெளிநாட்டு பிராண்ட் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. அது இங்கே தினமும் நடப்பது. ஆனால் தைத்தவரின் சொந்தப் பெயரே இன்னொருவர் லேபிளாகிப்போனது லியோவின் கதை.

1985-ல் சி.பி.எஸ்., ஃபெண்டர் நிறுவனத்தை அதன் ஊழியர்கள் அடங்கிய குழுவுக்கே விற்றது. விலை சுமார் 1.25 கோடி டாலர். 20 வருடம் முன்பு கொடுத்ததைவிடக் குறைவு.

கடைசி நாள் வரை

பார்க்கின்சன் நோய் வந்தபிறகும் லியோ தினமும் ஒர்க்‌ஷாப் போனார். 1991 மார்ச் 21-ம் தேதி, 81 வயதில் இறந்தார். முந்தைய நாள்கூட வேலைக்குப் போயிருந்தார். அடுத்த ஆண்டு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இன்றைக்குப் புதிதாக பேஸ் வாங்கப் போனால், எந்த பிராண்டாக இருந்தாலும் பெரும்பாலும் கையில் வருவது நான்கு கம்பி, 34 அங்குலம், ஸ்க்ரூ போட்டு மாட்டிய கழுத்து. விலை குறைந்ததோ கூடியதோ, அடிப்படை 1951-ல் வந்ததுதான். கழுத்து வளைந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம். ரிப்பேர் கடைக்காரர் யோசித்த யோசனை அது.