சணல் வயலில் இறங்கிய பிசிக்ஸ் வாத்தியார்

மந்தைவெளி பறக்கும் ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்னு, யாருக்கு ஓட்டுன்னு ஆயிரம் பேரைக் கேட்டுட்டீங்கன்னு வைங்க. தொகுதி முடிவு கைக்கு வந்துடுச்சா? ரயிலே ஏறாத பாட்டியும், ஆர்.கே. மடம் சாலையில் பைக்கில் பறக்கிறவரும் உங்க கணக்கில் இல்லையே!

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இந்தக் குழியில்தான் விழுந்தது. டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைப் பிடித்து ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன்தான் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். அதைவிட ரொம்பச் சின்ன மாதிரியை வைத்தே ஜார்ஜ் காலப் சரியாகச் சொல்லிவிட்டார்.

அதே காலத்தில், யாரைக் கேட்பது என்ற இதே சிக்கலோடு வங்காளத்தில் மல்லுக்கட்டியவர் பி.சி. மஹலனோபிஸ். மெஷின் லேர்னிங் பேப்பரில் மஹலனோபிஸ் தொலைவுன்னு வருமே, அவரேதான். அதுவும் 1936-ல் வந்ததுதான்!

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பிசிக்ஸ் படிச்சார். ஊர் திரும்பும் கப்பலில் புள்ளியியல் இதழ் ஒன்றின் பழைய தொகுதிகளைப் படித்து அதிலேயே மூழ்கிட்டார். பிரசிடென்சி கல்லூரியில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டே, 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார்.

1937-ல் சணல் வந்தது. வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் போட்டிருக்காங்கன்னு தெரியணும். வயல் வயலா எண்ணினால்தான் சரின்னு நினைத்த காலம் அது. இவரோ வரைபடத்தில் குருட்டாம்போக்கில் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஆட்களை அங்கே மட்டும் அனுப்பினார். சேறோ தண்ணியோ, விழுந்த கட்டத்துக்குப் போயே ஆகணும். ரோட்டோர வயலைப் பார்த்து எழுதிட்டு வந்தா அது நம்ம ஸ்டேஷன் வாசல் கதைதான்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடிச்சது, தன் ஆட்களின் கணக்கையே அவர் சந்தேகப்பட்டது. ஒரே பகுதிக்கு ரெண்டு குழு, தனித்தனி மாதிரி. ரெண்டு விடையும் ரொம்ப விலகினா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். நெல்லை ரொம்பச் சின்ன வட்டத்தில் அறுத்தால், ஓரத்துக் கதிரையும் ஆட்கள் சேர்த்துடறதால விளைச்சல் கூடுதலா வருதுன்னும் கண்டுபிடித்தார்கள். இன்னைக்கு எக்ஸிட் போல் போடற சேனல்ல எத்தனை பேர் ரெண்டாவது குழு அனுப்பறாங்க?

1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது, அதுவும் இவர் முயற்சியில். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்கும் இவருடையது. 79-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், 1972 ஜூன் 28-ல் இறந்தார். ஜூன் 29 இப்போ தேசியப் புள்ளியியல் தினம். நம்ம காலேஜில் அன்னைக்கு யாரும் கேக் வெட்டிப் பார்த்ததில்லை.