கல்வித்தாய் சாவித்திரிபாய் பூலே

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, அன்னை சாவித்திரிபாய் பூலே அவர்களின் பெயரே நம் நெஞ்சில் முதலில் எழுந்தது. முதல் பெண் ஆசிரியை என்று அவரைப் பலரும் அறிவர். பெண்கள் அச்சமின்றி நடமாட அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மராட்டிய மண்ணில் சதாரா மாவட்டம் நாய்காவ் என்னும் சிற்றூரில், மாலி வகுப்பில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் பூலேவுக்கு மணம் செய்விக்கப்பட்டார். எழுத்தறியாது புகுந்த வீட்டிற்கு வந்த சிறுமிக்குக் கணவரே ஆசானானார். பின்னர் அம்மையார் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

1848இல் புனே நகரின் புதவார் பேட்டையில், பிடே என்பாரின் இல்லத்தில் பெண்களுக்கெனத் தனிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பள்ளிக்குள் சிறுமியர்க்கு அச்சமில்லை. ஆனால் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே ஒரு வீதி இருந்ததே! அவ்வீதியில் ஆசிரியையின் மீதே சேற்றையும் சாணத்தையும் வாரி இறைத்தனர், கல்லெறிந்தனர், வாய்கூசும் வசைமொழிகளைப் பொழிந்தனர். அம்மையார் மாற்றுச் சேலை ஒன்றை உடன் கொண்டு சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்குற்றதைக் களைந்து, தூய சேலை உடுத்துப் பாடம் தொடங்குவார். மறுநாளும் அதே வீதி, அதே சேறு. 1849இல் மாமனார் இல்லத்தினின்றும் வெளியேற நேர்ந்தபோதும் பள்ளி நிற்கவில்லை.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். எட்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிய நம் குடியிருப்பு மாணவி ஒருத்தி மேற்கொண்டு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். பாடத்தில் குறையில்லை ஐயா, சாராயக்கடையைத் தாண்டிப் போகும் பாதைதான் குறை என்று அவள் தாயார் கூறினார். அன்று விடை கூற நம்மால் இயலவில்லை.

பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தாபாய் என்னும் மாங் வகுப்புச் சிறுமி, மகார், மாங் மக்களின் துயரங்களைக் கட்டுரையாக வடித்தாள். அது 1855இல் அச்சேறியது. அப்போது அவளுக்கு வயது பதினான்கு! இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

1852இல் மகளிர் மட்டும் கூடும் மஞ்சள் குங்கும விழாவை அம்மையார் பொங்கற் காலத்தில் நடத்தினார். அனைத்துச் சாதிப் பெண்டிரும் ஒரே பாயில் அமர வேண்டும் என்பது அழைப்பிலேயே கூறப்பட்டது. பெண்கள் மட்டும் கூடுவதாயினும், அங்கும் நம் தாய்மார்களை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தினால் அக்கூட்டத்தால் யாருக்குப் பயன்?

1863இல் தம் இல்லத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பகம் ஒன்றைத் தொடங்கினர். ஆடவரால் வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்ற கைம்பெண்கள், ஊரார் அறியாமல் அங்கே மகப்பேறு கண்டனர். அவ்வாறு வந்த பார்ப்பனக் கைம்பெண் ஒருவரின் மகனையே 1874இல் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு, மருத்துவராக்கினர்.

1868இல் நாய்காவில் நடந்தது இன்னும் கொடிது. பார்ப்பன இளைஞன் ஒருவனால் மகார் பெண்ணொருத்தி கருவுற்றாள். ஊரார் இருவரையும் தெருத்தெருவாக இழுத்துச் சென்று கொல்லத் துணிந்தனர். செய்தி கேட்டு விரைந்த அம்மையார், கொலைக்குச் சட்டம் தரும் தண்டனையை எடுத்துரைத்து அச்சுறுத்தி, இருவர் உயிரையும் காத்தார். உடன் ஆயுதமில்லை, ஆளுமில்லை. பிறகு இருவரையும் புனேவிலிருந்த கணவரிடம் அனுப்பிவைத்தார்.

1890இல் ஜோதிராவ் மறைந்தபோது, ஆடவர்க்கே உரியதென்ற வழக்கை மீறி, கொள்ளிச் சட்டியை ஏந்தி இறுதி ஊர்வலத்தின் முன்னே அம்மையாரே நடந்தார்.

1897இல் புனேயில் பிளேக் நோய் பரவிற்று. யஷ்வந்த் நடத்திய மருத்துவ நிலையத்தில் அம்மையார் நோயாளிகட்குத் தொண்டு புரிந்தார். முண்ட்வா ஊரின் மகார் சேரியில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதாக அறிந்து, அறுபத்தாறு வயதில் அவனைத் தாமே தோளில் சுமந்து வந்து சேர்த்தார். நோய் அவரையும் பற்றிக்கொண்டது. மார்ச் 10ஆம் நாள் இரவு அம்மையாரின் உயிர் பிரிந்தது.