சூயஸை மீட்ட தபால் ஊழியர் மகன்

குழந்தைகளே! உங்கள் வீட்டை ஒட்டி ஒரு பாதை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை வெட்டியவர்கள் உங்கள் தாத்தாவும், அவரது கூட்டாளிகளும். நிலமும் உங்களுடையது தான். ஆனால், அந்தப் பாதையில் போகும் வண்டிகளிடம் வெளியூர்க்காரர் ஒருவர் காசு வசூலிக்கிறார். அதில் கொஞ்சம் சில்லறையை மட்டும் உங்கள் வீட்டுக்குக் கொடுக்கிறார். பாதைக்குக் காவல் என்று சொல்லி, இன்னொரு ஊர்க்காரரின் ஆட்கள் துப்பாக்கியுடன் உங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கின்றனர். உங்களுக்கு எப்படி இருக்கும்?

எகிப்து நாட்டு மக்களுக்கு, முக்கால் நூற்றாண்டு காலம் அப்படித்தான் இருந்தது. அந்தப் பாதையின் பெயர் சூயஸ் கால்வாய். அதை மீட்டவர் கமால் அப்துல் நாசர்.

நாசர், 1918ம் ஆண்டு ஜனவரி 15ம் தேதி, எகிப்தின் துறைமுக நகரமான அலெக்சாண்டிரியாவில் பிறந்தார். அப்பா, தபால் துறையில் சாதாரண ஊழியர். அவருக்கு அடிக்கடி மாற்றல் வரும். அதனால், மகனின் படிப்பு கெடக் கூடாது என்று கெய்ரோவில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

சிறுவன் நாசருக்கு அம்மா மேல் உயிர். அம்மாவுக்குக் கடிதம் எழுதுவான்; அம்மாவும் பதில் எழுதுவார். 1926ம் ஆண்டு, திடீரென்று அம்மாவின் கடிதங்கள் நின்று போயின. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போன போது தான், பிரசவத்தில் அம்மா இறந்து சில வாரங்கள் ஆகிவிட்டன என்பது தெரிந்தது. எட்டு வயதுப் பையன் தாங்க மாட்டான் என்று நினைத்து, வீட்டார் மறைத்து விட்டனர். அந்த வலி நாசருக்குக் கடைசி வரை ஆறவே இல்லை.

அலெக்சாண்டிரியாவில் மன்ஷியா என்று ஒரு சதுக்கம் உண்டு. இந்தப் பெயரை நன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

1930ம் ஆண்டில் ஒரு நாள், 12 வயது நாசர் அந்தச் சதுக்கத்தின் வழியாக நடந்து போனான். அங்கே மக்கள் கூட்டத்துக்கும், போலீசுக்கும் கைகலப்பு நடந்து கொண்டிருந்தது. எதற்கான போராட்டம் என்று கூட நாசருக்குத் தெரியாது. போலீஸ் அடிக்கிறது, நம் ஆட்கள் அடி வாங்குகின்றனர், அது போதாதா! பாய்ந்து போய்க் கூட்டத்தில் சேர்ந்து கொண்டான். தலையில் ஒரு அடி. பிறகு, ஒரு இரவு சிறை. மறுநாள் அப்பா வந்து அழைத்துப் போனார். எதற்காகப் போராடினோம் என்பதை, சிறைக்குள் இருந்தவர்களிடம் கேட்டுத் தான் அவன் தெரிந்து கொண்டான்!

அப்போது எகிப்துக்கு ஒரு ராஜா இருந்தார். ஆனால், பெரிய முடிவுகள் எல்லாம் பிரிட்டன் தூதர் விருப்பப்படியே நடந்தன. 1935ம் ஆண்டு, இதை எதிர்த்துக் கெய்ரோவில் நடந்த மாணவர் ஊர்வலத்துக்கு நாசர் தலைமை தாங்கினார். போலீஸ் சுட்டது. ஒரு குண்டு அவர் நெற்றியை உரசிக் கொண்டு போனது. மறுநாள் பத்திரிகையில், காயம்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

இப்படிப்பட்ட பையனை ராணுவத்தில் சேர்ப்பார்களா? 1937ல் ராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. சில மாதம் சட்டம் படித்தார். மனம் ஒட்டவில்லை. மறுபடியும் முயன்று, உயர் அதிகாரி ஒருவரை நேரில் பார்த்துப் பேசி இடம் பிடித்து விட்டார். 1938ல் ராணுவ அதிகாரி ஆனார்.

நாசர் பின்னால் செய்தது புரிய வேண்டுமானால், கால்வாயின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் இருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வர, முன்பு ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்ற வேண்டும். எகிப்தில் மத்திய தரைக்கடலுக்கும், செங்கடலுக்கும் நடுவே கொஞ்சம் மணல் தான் தடை. அதை வெட்டி விட்டால் பல ஆயிரம் கி.மீ., மிச்சம்! பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர், 1854ல் எகிப்தின் ஆட்சியாளரிடம் அதற்கு அனுமதி வாங்கினார். கால்வாய் திறந்த நாளில் இருந்து 99 ஆண்டுகள் கம்பெனி நடத்தலாம் என்பது ஒப்பந்தம். 1859ல் வேலை துவங்கியது. 10 ஆண்டுகள் கழித்து, 1869 நவம்பர் 17ம் தேதி கால்வாய் திறக்கப்பட்டது.

துவக்கத்தில் மண் வெட்டியவர்கள், ஊர் ஊராகப் பிடித்து வரப்பட்ட எகிப்து விவசாயிகள். வெயில், தாகம், காலரா என ஆயிரக்கணக்கானோர் அந்த மணலிலேயே மடிந்தனர்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. பிரான்ஸ் மகாராணி கூட வந்தார். கடன் தான் கழுத்தை நெரித்தது. ஆறே ஆண்டுகளில், 1875ல், எகிப்து ஆட்சியாளர் இஸ்மாயில் தன் பங்குகள் அனைத்தையும் 40 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டனிடம் விற்று விட்டார். கம்பெனியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அது! 1880ல், லாபத்தில் கிடைக்க வேண்டிய 15 சதவீதத்தையும் எகிப்து விற்றது. 1882ல் பிரிட்டன் படையே வந்து இறங்கியது. சீக்கிரம் போய் விடுவோம் என்று தான் சொன்னார்கள். போகவில்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் பாரிசில். காவல் காத்தது பிரிட்டன் படை. மண் மட்டும் எகிப்துடையது.

சரி, நாசரிடம் வருவோம். 1948ல் பாலஸ்தீனப் போருக்குப் போனார். பலூஜா என்ற இடத்தில் அவரது படை பல மாதங்கள் முற்றுகையில் சிக்கியது. அரசரின் நிர்வாகம் சரியாக உதவவில்லை என்று இளம் அதிகாரிகள் கொதித்தனர். ரகசியமாக ஒன்று சேர்ந்தனர். 1952 ஜூலை 23ம் தேதி இரவு, ஆட்சியைக் கைப்பற்றினர். அரசர் பாருக்கைக் கொல்ல வேண்டும் என்று சிலர் சொல்ல, நாசர் மறுத்து விட்டார். ஜூலை 26ம் தேதி அரசர் தன் உல்லாசக் கப்பலில் ஏறி, நாட்டை விட்டே போனார்.

முதலில் ஜெனரல் நகீப் ஜனாதிபதி ஆனார். பிறகு, அவரை ஒதுக்கி விட்டு நாசரே தலைமைக்கு வந்தார். 1954ல் பிரிட்டனுடன் பேசி, அதன் படைகள் கால்வாய்ப் பகுதியில் இருந்து வெளியேற ஒப்பந்தம் செய்தார். அதே அக்டோபர் மாதம், மன்ஷியா சதுக்கத்தில் அவர் பேசிக் கொண்டிருந்த போது, ஒருவன் எட்டு முறை சுட்டான். ஒன்று கூட நாசர் மேல் படவில்லை! கூட்டம் சிதறி ஓட, அவர் மைக்கை விடாமல் பேசி முடித்தார்.

1956 ஜூனில், கடைசி பிரிட்டன் வீரனும் போய் விட்டான். கம்பெனி மட்டும் இருந்தது. ஒப்பந்தப்படி 1968 வரை அது இருக்கலாம்.

நாசருக்கு ஒரு கனவு இருந்தது. நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் பெரிய அணை கட்ட வேண்டும். பாசனம், மின்சாரம் இரண்டும் கிடைக்கும். அமெரிக்காவும், பிரிட்டனும் பண உதவி செய்வதாகச் சொல்லியிருந்தன. ஆனால், நாசர் கம்யூனிஸ்ட் நாடுகளிடம் ஆயுதம் வாங்கினார், சீனாவை அங்கீகரித்தார். இது அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. 1956 ஜூலை 19ம் தேதி, உதவி கிடையாது என்று அறிவித்து விட்டது. அப்போது நாசர், நம் நேருவுடன் யுகோஸ்லாவியாவில் டிட்டோவைச் சந்தித்து விட்டு, ஒரே விமானத்தில் கெய்ரோ திரும்பிக் கொண்டிருந்தார். செய்தி அவருக்கு நடுவானில் வந்து சேர்ந்தது.

அடுத்த ஏழு நாட்களில் நடந்தது, துப்பறியும் கதையைப் போல இருக்கும்.

மஹ்மூத் யூனிஸ் என்ற ராணுவப் பொறியாளரை நாசர் அழைத்தார். கால்வாய்க் கம்பெனியை ஒரே இரவில் கைப்பற்ற வேண்டும். வெளியே மூச்சு விடக் கூடாது. யூனிஸ், சுமார் 30 பேரைத் தேர்ந்தெடுத்தார். கால்வாய்க் கரையில் உள்ள போர்ட் செய்ட், இஸ்மாயிலியா, சூயஸ் நகரங்களுக்கு அவர்கள் பிரிந்து போயினர். என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. கையில் ஒட்டிய உறைகள். ஜனாதிபதியின் பேச்சை ரேடியோவில் கேளுங்கள்; லெசெப்ஸ் என்ற பெயர் காதில் விழுந்ததும் உறையைப் பிரித்து வேலையைத் துவங்குங்கள் என்பது தான் உத்தரவு.

ஜூலை 26. அரசர் நாட்டை விட்டுப் போய் சரியாக நான்கு ஆண்டுகள். அதே மன்ஷியா சதுக்கம். லட்சக்கணக்கில் கூட்டம். நாசர் இலக்கணத் தமிழ் மாதிரியான மேடை அரபியில் பேசாமல், தெருவில் பேசும் எகிப்து மொழியில் பேசினார். அணைக் கதையைச் சொன்னார். பிறகு, லெசெப்ஸ் பெயரைச் சொன்னார். ரேடியோ கரகரத்து, யாருக்காவது கேட்காமல் போய் விட்டால்? அதனால் திரும்பத் திரும்ப, பத்துத் தடவைக்கு மேல் சொன்னார்! இந்தப் பழைய பிரெஞ்சுக்காரர் மேல் ஜனாதிபதிக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று கூட்டத்தில் சிலர் குழம்பி இருப்பார்கள்.

பேச்சு முடிவதற்குள் அலுவலகங்கள் எகிப்தின் கையில். பங்குதாரர்களுக்குப் பாரிஸ் பங்குச் சந்தை விலைப்படி பணம் தரப்படும் என்றும் நாசர் அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

பிரிட்டனும், பிரான்சும் துடித்துப் போயின. ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியே தான் போய்க் கொண்டிருந்தது. எகிப்தியரால் கால்வாயை நடத்த முடியாது என்று அவர்கள் நம்பினர். அதற்குக் காரணம் இருந்தது. குறுகிய கால்வாயில் பெரிய கப்பலைச் செலுத்த, வழி தெரிந்த பைலட் ஒருவர் ஏற வேண்டும். இவர் விமான பைலட் இல்லை. கப்பலுக்கு வழி காட்டுபவர். 200க்கு மேற்பட்ட பைலட்டுகளில் எகிப்தியர் சுமார் 40 பேர் தான். செப்டம்பர் 14ம் தேதி இரவு, வெளிநாட்டு பைலட்டுகளில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் வேலையை விட்டுக் கிளம்பி விட்டனர். போதாக்குறைக்கு, வழக்கத்தை விட அதிகமான கப்பல்கள் வேண்டுமென்றே வாசலில் வரிசை கட்டி நிறுத்தப்பட்டன.

எகிப்து பைலட்டுகள் தூக்கத்தை மறந்தனர். போகாமல் நின்ற கிரேக்கர்கள் சிலரும், வேறு நாடுகளில் இருந்து வந்தவர்களும் தோள் கொடுத்தனர். கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்தன. கால்வாய் ஒரு நாள் கூட நிற்கவில்லை! நாசரின் பேச்சை விட, பெயர் வெளியே தெரியாத இந்த 40 பேர் தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றனர்.

இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. நம் கப்பல் சரக்கும் அந்த வழியே தானே போகிறது! லண்டனில் நடந்த மாநாட்டில், நம் நாட்டின் வி.கே.கிருஷ்ண மேனன் சமாதானத் திட்டம் ஒன்றை வைத்தார். பயன் இல்லை.

பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகத் திட்டம் போட்டன. அக்டோபர் 29ம் தேதி இஸ்ரேல் தாக்கியது. சண்டையை விலக்கப் போவதாகச் சொல்லிக் கொண்டு, மற்ற இரு நாடுகளும் குண்டு போட்டன. நவம்பர் 5ம் தேதி போர்ட் செய்டில் பாராசூட் படை குதித்தது. மக்கள் துப்பாக்கி ஏந்தித் தெருத் தெருவாகப் போராடினர். நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். நாசர் பல கப்பல்களைக் கால்வாயில் மூழ்கடித்து, வழியையே அடைத்து விட்டார். போரில் எகிப்து ராணுவம் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. ஆனால், உலகமே எதிர்த்தது. அமெரிக்கா கூட பிரிட்டனுக்கு உதவ மறுக்க, பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டது. ஒரே வாரத்தில் போர் நின்றது. டிசம்பர் 22ம் தேதி அந்நியப் படைகள் கப்பலேறின. அவர்களுக்குப் பதில் வந்த ஐ.நா., அமைதிப்படையில் நம் இந்திய வீரர்களும் இருந்தனர்.

1957 ஏப்ரலில் கால்வாய் மறுபடி திறந்தது. சொன்னபடியே, பங்குதாரர்களுக்கு 2 கோடியே 83 லட்சம் எகிப்து பவுண்டு தவணை முறையில் கொடுத்து முடிக்கப்பட்டது. அஸ்வான் அணையும், ரஷ்யாவின் உதவியுடன் 1970ல் கட்டி முடிந்தது.

நாசர் செய்தது எல்லாம் சரி என்று நினைத்து விடாதீர்கள். தன்னை எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார். பத்திரிகைகளின் வாயைக் கட்டினார். சூயஸ் போரைத் தொடர்ந்து, பல தலைமுறைகளாக எகிப்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான யூதர்கள் வீடு, வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. 1967ல், ஆறே நாளில் முடிந்த போரில் இஸ்ரேலிடம் பெரும் தோல்வி. பதவி விலகுவதாக நாசர் அறிவிக்க, மக்கள் தெருவில் திரண்டு வந்து தடுத்தனர்.

அந்தப் போரால் கால்வாய் எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. நடுவில் மாட்டிக் கொண்ட கப்பல்கள் மேல் பாலைவன மணல் படிந்து, மஞ்சள் கப்பல்கள் என்றே பெயர் வந்து விட்டது. பொழுது போகாத மாலுமிகள், 1968ல் தங்களுக்குள் ஒலிம்பிக் போட்டியே நடத்தினர்!

1975ல் கால்வாய் திறந்ததைப் பார்க்க நாசர் இல்லை. அரபு நாடுகளுக்குள் நடந்த சண்டையைத் தீர்க்க ஓய்வில்லாமல் பேச்சு நடத்தி முடித்த கையோடு, 1970 செப்டம்பர் 28ம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 52 தான். கெய்ரோ இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கான மக்கள் அழுது கொண்டே நடந்தனர்.

அதெல்லாம் இருக்கட்டும், லெசெப்ஸ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? போர்ட் செய்டில், கால்வாயின் வாசலில் கை நீட்டிக் கப்பல்களை வரவேற்பது போல அவருக்குப் பெரிய சிலை இருந்தது. அந்நியப் படைகள் போன இரண்டாம் நாளே, ஊர் மக்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தனர். உடைந்த சிலை பிறகு சரி செய்யப்பட்டு, பல ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2020ல் அதை இஸ்மாயிலியா நகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போயினர். 1956ல் ஒட்டிய உறையும், ரேடியோவுமாக யூனிசின் ஆட்கள் காத்திருந்தார்களே, அதே இஸ்மாயிலியா தான்!