வெறுங்கையோடு வராத அகதி: ஹான்ஸ் கிரெப்ஸும் கலத்தின் கணக்கும்

1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய 32 வயது மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் வந்தது. யூதர் என்பதால் அவர் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார் என்பதே அதன் சாரம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த மருத்துவரின் பெயர் ஹான்ஸ் கிரெப்ஸ். உயிரியல் படிக்கும் எமது பிள்ளைகள் ‘கிரெப்ஸ் வட்டம்’ என்று பாடமாக்குகிறார்களே, அவர்தான் இவர். அந்தப் பெயருக்குரியவர் ஓர் அகதி என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நான் வணிகம் படித்த கணக்காளன். மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. அந்தப் பக்கத்தில் இருந்த வட்டப் படம் எனக்கு ஒரு பேரேடு போலவே தெரிந்தது. அன்றிலிருந்து இந்த மனிதரைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கிரெப்ஸ் 1900 ஓகஸ்ட் 25இல் ஹில்டெஸ்ஹைம் என்ற ஜேர்மன் நகரில் பிறந்தார். தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனும் மருத்துவம் படித்தார். ஆனால் அவரது மனம் ஆய்வுகூடத்தில்தான் இருந்தது. 1926 முதல் 1930 வரை பெர்லினில் ஒட்டோ வார்பேர்க்கிடம் உதவியாளராகப் பணியாற்றினார். உயிருள்ள திசுவை மெல்லிய துண்டாக வெட்டி, அது எவ்வளவு ஒட்சிசனை உள்ளெடுக்கிறது என்பதை வாயு அழுத்த மாற்றத்தைக் கொண்டு அளக்கும் முறையை அங்கேதான் கற்றார். அந்தக் கருவியைக் கொண்டே 1932இல், ஈரலில் யூரியா உருவாகும் வட்டத்தைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே வேலை பறிபோனது.

கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் பிரெட்ரிக் ஹொப்கின்ஸ் அவருக்கு இடம் கொடுத்தார். ரொக்பெல்லர் நிதியம் செலவுக்கு உதவியது. நல்லகாலமாக, தன் அளவீட்டுக் கருவிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. 1935இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. பெரும் கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது.

சாப்பாட்டிலிருந்து உடல் எப்படிச் சக்தி எடுக்கிறது என்பதே அன்றைய கேள்வி. மாணவர் வில்லியம் ஜோன்சனுடன் சேர்ந்து, புறாவின் நெஞ்சுத் தசையை அரைத்துச் சோதித்தார் கிரெப்ஸ். அதில் சிறிதளவு சித்திரிக்கமிலம் சேர்த்தபோது ஒட்சிசன் உள்ளெடுப்பு கூடியது. அந்த அமிலம் முழுவதும் எரிந்திருந்தாலும் அவ்வளவு ஒட்சிசன் தேவைப்பட்டிருக்காது. ஆகவே அந்த அமிலம் வெறும் எரிபொருளாக இருக்க முடியாது. அது திரும்பத் திரும்ப உருவாகி மீண்டும் பயன்படுகிறது. ஏனைய சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தபோது முழு வட்டமும் புலப்பட்டது. 1937இல் அவர் அதைப் புகழ்பெற்ற விஞ்ஞான வார இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன என்று திருப்பிவிட்டார்கள். நெதர்லாந்தில் வெளியான வேறோர் இதழில் அதே ஆண்டு அது பிரசுரமானது.

அந்த வட்டத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? இங்கேதான் ஒரு கணக்காளனுக்குப் பிடித்த பகுதி வருகிறது. உணவு எரிவது என்றால் அதிலிருந்து இலத்திரன்கள் பிரிக்கப்படுவது. இலத்திரன் தனியாக அலைய முடியாது. ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் வாங்கியே ஆகவேண்டும். எங்கள் இரட்டைப் பதிவு முறையும் அதுதான். வாங்கிச் சுமப்பவைதான் துணைநொதியங்கள். முக்கியமானவை இரண்டு: நயாசின் என்ற விற்றமினிலிருந்து உருவாகும் என்.ஏ.டி., ரைபோபிளேவினிலிருந்து உருவாகும் எஃப்.ஏ.டி. ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களைச் சுமக்கும். இழைமணியின் உட்சவ்வில் சுமையை இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்பி வரும். இறக்கிய இலத்திரன்கள் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஒட்சிசனைச் சேர்ந்து நீராகின்றன. வழியில் வெளிப்படும் சக்தியிலிருந்தே கலத்தின் கைச்செலவுப் பணமான ஏ.ரி.பி. உருவாகிறது.

ஒரு குளுக்கோசு மூலக்கூறின் கணக்கைப் பாருங்கள். அது முழுவதும் எரியும்போது 10 என்.ஏ.டி.யும் 2 எஃப்.ஏ.டி.யும் சுமை ஏற்றப்படுகின்றன. ஆளுக்கு இரண்டு வீதம் 24 இலத்திரன்கள். மறுபக்கத்தில் 6 ஒட்சிசன் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் 4 இலத்திரன்களை வாங்கும். அதுவும் 24. பரீட்சை மீதி சமப்படுகிறது. இதைக் கூட்டிப் பார்த்த இரவு, மகள் புத்தகத்தை மூடிய பிறகும் நான் மேசையை விட்டு எழும்பவில்லை.

இந்தச் சுமைகாரர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஓயாமல் திரும்பி வருகிறார்கள். அதனால்தான் நாம் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிராம் சோறு சாப்பிட்டாலும், வளர்ந்தவருக்குத் தேவையான நயாசின் வெறும் 14 முதல் 16 மில்லிகிராம். இந்தச் சிறிய அளவும் நீண்டகாலம் கிடைக்காவிட்டால் பெலாக்ரா என்ற நோய் வரும். தோலும் குடலும் மூளையும் பாதிக்கப்படும்.

கிரெப்ஸ் 1938இல் ஷெஃபீல்டில் ஆசிரியையாக இருந்த மார்கரெட் பீல்ட்ஹவுஸைத் திருமணம் செய்தார், மூன்று பிள்ளைகள். 1939இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். யுத்தகாலத்தில், மனிதருக்கு விற்றமின் ஏயும் சீயும் எவ்வளவு தேவை என்பதைத் தொண்டர்களின் உதவியோடு ஆராய்ந்தார். 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட பிரிட்ஸ் லிப்மனும் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதரே. மறு ஆண்டு கிரெப்ஸ் ஒக்ஸ்போட்டில் பேராசிரியரானார். 1958இல் சேர் பட்டம் பெற்றார். அவரை வெளியே அனுப்பிய பிரைபேர்க் பல்கலைக்கழகமே பின்னாளில் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1967இல், ஓய்வுபெறும் வயதில், சகாக்களுடன் சேர்ந்து எலியின் ஈரலில் என்.ஏ.டி. எவ்வளவு வெறுமையாக இருக்கிறது, எவ்வளவு சுமையோடு இருக்கிறது என்று கணக்கிட்டார். நேரடியாக எண்ணிவிட முடியாத ஒன்று அது. ஆகவே, அதோடு கொடுக்கல்வாங்கல் வைத்திருக்கும் லற்றேற்று, பைருவேற்று போன்ற பொருட்களின் விகிதத்தை அளந்து அதிலிருந்து கணித்தார். ஒருவரது கணக்குப் புத்தகம் கிடைக்காதபோது எதிர்த்தரப்பின் புத்தகத்தைப் பார்த்து மீதியைக் கண்டுபிடிப்போமே, அதே வழி.

அந்த விகிதம் பிழைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் வீடுகளுக்கும் தேவையான செய்தி. ஈரல் மதுவை உடைக்கும்போது அங்குள்ள என்.ஏ.டி. பெருமளவில் சுமையேறிவிடுகிறது. வெறுமையானவை போதாதபோது, ஈரலால் புதிதாகக் குளுக்கோசு உண்டாக்க முடிவதில்லை. இதையும் கிரெப்ஸின் குழு ஆராய்ந்தது. வெறுவயிற்றில் நிறையக் குடிப்பவருக்கு இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது இதனால்தான். இன்சுலின் போடுபவர்களுக்கும், சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். எமது கொண்டாட்ட வீடுகளில், சாப்பாட்டைப் பிந்தவிட்டுப் போத்தலை முந்தவிடும் வழக்கம் உண்டு. மயங்கிக் கிடப்பவரை வெறி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்; அது சீனி இறங்கியதாகவும் இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்கு அழையுங்கள்.

1967இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஒக்ஸ்போட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வேலை செய்தார். 1981 நவம்பர் 22இல், 81ஆவது வயதில் காலமானார். 2015இல் குடும்பத்தினர் அவரது நோபல் பதக்கத்தை ஏலத்தில் விற்றார்கள். நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த இளம் விஞ்ஞானிகளின் படிப்புக்கு உதவும் அறக்கட்டளைக்காகவே அந்த விற்பனை.

நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது என் பட்டத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. வேறு வேலைகள் செய்துகொண்டே திரும்பவும் பரீட்சைகள் எழுதினேன். கற்ற தொழில் கையில் இருந்தபடியால் தப்பினேன். கிரெப்ஸுக்கு மேசையும் சம்பளமும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. இன்று எங்களில் பலர் நல்ல நிலையில் இருக்கிறோம். புதிதாக வந்து இறங்கும் பிள்ளை ஒன்று, எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும், படிக்க இடம் தேடினால் அந்த மேசையைக் கொடுப்பது இப்போது எங்கள் முறை.