மனந்தளராத வ. உ. சி.

புதுக்கடை போட்ட வருஷமே மனம் நொந்து போகும் சகோதரர்கள், தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையின் (1872–1936) சரித்திரத்தை அறிதல் நன்று.

வக்கீலாயிருந்த அவர் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். அதில் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக் கைகொடுத்தவர் நம் சமுதாயத்தவரான ஹாஜி முகம்மது பக்கீர் சேட்.

ஆங்கிலேயரின் நெருக்குதலால், வாடகைக்குக் கப்பல் தந்தவர்கள் திடீரென மறுத்தனர். பிள்ளை சோர்ந்து உட்காரவில்லை. இலங்கையிலிருந்து வேறு கப்பல் பிடித்தார். பின்பு காலியா, லாவோ எனச் சொந்தக் கப்பல்களே வாங்கினார்.

1908-இல் அவரைச் சிறையிலிட்டனர். 1911-இல் கம்பெனி மூடப்பட்டது. ஒருவர் தைரியம் தொழிலைத் தொடங்கும். பலர் துணையே அதை நிலைநிறுத்தும்.

ஆகவே பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் புதிதாய்க் கடை வைத்தோர் தளரலாகாது. நாமும் சேட்டைப் போல் அவர்களுக்குத் தோள் கொடுப்போமாக! அல்லாஹ் பரக்கத் செய்வானாக!