தலையணைக்குள் காத்த ஏடு: ஆன் ஜட்சன் அம்மையார் வாழ்வு

ஒரு மொழிக்குப் பிற நாட்டார் ஆற்றிய தொண்டு என்றவுடன் தமிழுலகின் நினைவில் எழுபவர்கள் சீகன்பால்கு, வீரமாமுனிவர், கால்டுவெல் ஆகியோர் ஆவர். பர்மிய மொழிக்கு அத்தகைய இடத்தில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கரான அதோனிராம் ஜட்சன். விவிலியம் முழுவதையும் பர்மியத்தில் தந்தவர். அம்மொழிக்கு அகராதி கண்டவர். அவருடைய பெயரை வரலாறு மறக்கவில்லை. ஆயினும் அப்பெரும்பணி ஒருவர் தனித்திருந்து முடித்த பணியன்று. அது ஓர் இல்லறத்தின் நடுவே தோன்றி, அவ்வில்லறத்தின் தலைவியால் அழிவினின்று காக்கப்பட்ட பணியாகும். அத்தலைவியே ஆன் ஹேசல்டைன் ஜட்சன் அம்மையார். முப்பத்தாறு ஆண்டுகளே நீண்ட அவருடைய வாழ்வு, மொழித்தொண்டின் வரலாற்றில் தனித்து எண்ணத்தக்கது.

பிறப்பும் திருமணமும்

ஆன் 1789ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராட்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர்க் கல்விக்கழகத்திலேயே பயின்றார். இளமையில் விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் பெருவிருப்புடையவராக இருந்த அவர், 1806இல் அக்கல்விக்கழகத்தில் எழுந்த சமய எழுச்சியால் மனம் மாறினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார்.

1810ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிராட்போர்டில் திருச்சபைப் போதகர்களின் மாநாடு கூடியது. வெளிநாட்டில் சமயப்பணி செய்ய விழைந்த மாணவர் சிலர் அதில் தங்கள் வேண்டுகோளை முன்வைத்தனர். அவர்களுள் ஒருவரே அதோனிராம் ஜட்சன். அவ்வேளையில் அவர் ஆனைக் கண்டார், மணக்க விரும்பினார். பெண்ணின் தந்தைக்கு அவர் எழுதிய கடிதம் புகழ் பெற்றது. மகளை இவ்வுலகில் மீண்டும் காணாமலே போகலாம். கடலின் இடரும் வெப்பநாட்டு நோயும் அவளை வருத்தலாம். கொடிய சாவும் நேரலாம். இவற்றிற்கெல்லாம் இசைந்து மகளைத் தர இயலுமா என்பதே அக்கடிதத்தின் கருத்து. மணமகன் ஒருவர் தம் குறைகளையே முன்வைத்துப் பெண் கேட்டது போன்றது அது. தந்தை முடிவை மகளிடமே விட்டார். பல நாள் தன்னுள் போராடிய பின்னரே ஆன் இசைந்தார்.

1812 பிப்ரவரி 5ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. மறுநாள் ஜட்சன் போதகராக அருட்பொழிவு பெற்றார். இரண்டே வாரத்தில், 19ஆம் நாள், இருவரும் சேலம் துறைமுகத்தில் 'காரவன்' என்னும் பாய்மரக் கப்பலில் ஏறினர். அமெரிக்காவினின்று கடல் கடந்து சமயப்பணிக்குச் சென்ற முதற் பெண்கள் ஆன் அம்மையாரும், அதே கப்பலில் கணவருடன் சென்ற ஹாரியட் நியூவெல் அம்மையாரும் ஆவர். புதுமணத் தம்பதியர் முதன்முதலாகக் குடித்தனம் நடத்திய வீடு அக்கப்பலின் சிற்றறையே எனலாம்.

நிலைகொள்ளா ஓராண்டு

ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. சமயப்பணியாளர் வருகையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பவில்லை. இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போரும் மூண்டிருந்தது. வந்தவர்கள் வெளியேற வேண்டும் என ஆணை பிறந்தது. இதற்கிடையே, குழந்தைத் திருமுழுக்குப் பற்றிய ஆய்வினால் ஜட்சன் தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். தொடக்கத்தில் கணவரோடு வாதிட்ட ஆன் அம்மையார், தாமே நூல்களை ஆராய்ந்து பின்னர் அம்முடிவுக்கே வந்தார். 1812 செப்டம்பரில் இருவரும் பாப்டிஸ்டு முறைப்படி திருமுழுக்குப் பெற்றனர். அதனால், அவர்களை அனுப்பிய சங்கத்தின் ஆதரவு அற்றுப்போயிற்று. கையில் பொருளும் இல்லை. தங்க நாடும் இல்லை.

மொரீசியசு தீவுக்குச் சென்றனர். அவர்களுக்கு முன்பே அங்குச் சென்ற தோழி ஹாரியட், பிறந்த குழந்தையைக் கடலிலேயே இழந்து, தீவில் பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்திருந்தார். அச்செய்தியே ஆன் அம்மையாரை அங்கு எதிர்கொண்டது.

1813 ஜூன் மாதத் தொடக்கத்தில் இருவரும் சென்னை வந்து சேர்ந்தனர். இங்கும் கம்பெனியின் ஆணை தொடரும் என்னும் அச்சம் இருந்தது. துறைமுகத்தில் புறப்பட ஆயத்தமாக இருந்த கப்பல் பர்மாவின் இரங்கூனுக்குச் செல்லும் பழங்கலம் ஒன்றே. செல்வதற்கே அஞ்சத்தக்க நாடு என்று பலரும் எச்சரித்த நாடு அது. வேறு வழியின்மையால் அக்கலத்தில் ஏறினர். அப்பயணத்தில் ஆன் அம்மையாருக்கு முதற்குழந்தை உயிரற்றுப் பிறந்தது. ஜூலை 13ஆம் நாள் இரங்கூன் வந்தபோது நடக்கவும் வலிமையற்றிருந்த அவரை இருக்கையில் அமர்த்திச் சுமந்தே கரை சேர்த்தனர்.

வீட்டு மொழியும் ஏட்டு மொழியும்

இரங்கூனில் வில்லியம் கேரியின் மகன் பெலிக்ஸ் கேரி அமைத்திருந்த இல்லம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பர்மிய மொழி கற்க நல்ல இலக்கணமோ அகராதியோ அன்று அவர்கள் கையில் இல்லை. அமர்த்திய ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. பொருள்களைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டே பாடம் தொடங்கியது. ஓலைகளில் சொற்களுக்கிடையே இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும் எழுத்து. இடையிடையே பாலிமொழிச் சொற்கள். பழைய சுவடி பார்த்துப் பழகிய தமிழறிஞருக்கு இத்தொல்லை நன்கு விளங்கும்.

பெண்ணுக்குக் கற்பிப்பது தம் தகுதிக்குக் குறைவு என்று அவ்வாசிரியர் முதலில் கருதினார். கணவர் வற்புறுத்திய பின்னரே அம்மையாருக்கும் முறையாகப் பாடம் சொன்னார். ஆனால், அம்மையாருக்கு வேறொரு பள்ளியும் இருந்தது. கடைவீதியும் சமையலறையும் பணியாளரோடு பேசும் முற்றமுமே அப்பள்ளி. வீட்டுப் பொறுப்பு முழுவதும் தம்முடையதாகையால் நாள் முழுவதும் பர்மிய மொழியிலேயே பேச நேர்ந்தது. மொழியின் அமைப்பையும் நூல் வழக்கையும் ஜட்சன் ஆழ்ந்து கற்றார். அன்றாடப் பேச்சிலோ அம்மையாரே முந்தினார். ஏட்டு வழக்கும் உலக வழக்கும் ஒரே கூரையின்கீழ் இருவரிடத்தில் வளர்ந்தன. நோய்க்கு மருத்துவம் தேடி 1815இல் மீண்டும் ஒரு முறை சென்னை வந்து திரும்பினார் அம்மையார்.

அவ்வாண்டு செப்டம்பரில் ரோஜர் என்னும் மகன் பிறந்தான். அயல்நாட்டு வீட்டிற்கு அவனே ஒளியாக இருந்தான். எட்டு மாதம் நிறையுமுன் 1816 மே 4ஆம் நாள் அவன் மறைந்தான். வீட்டருகே மாமரங்களிடையே அடக்கம் செய்தனர்.

துயரத்திற்கிடையிலும் பணி நிற்கவில்லை. செராம்பூரிலிருந்து அச்சுப்பொறி வந்தது; 1817இல் மத்தேயு நற்செய்தி பர்மியத்தில் அச்சேறியது. அம்மையார் பெண்களைக் கூட்டிக் கற்பித்தார். விவிலியத்தின் தானியேல், யோனா ஆகிய நூல்களைப் பர்மியத்தில் பெயர்த்தார். இரங்கூனில் வாழ்ந்த சயாம் நாட்டவரிடம் அம்மொழியையும் கற்று, வினாவிடை நூலொன்றையும் மத்தேயு நற்செய்தியையும் அதில் ஆக்கினார். அவ்வினாவிடை 1819இல் செராம்பூரில் அச்சாயிற்று. சயாம் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் அதுவும் ஒன்று.

தனித்து எடுத்த முடிவு

1817 டிசம்பரில் ஜட்சன் சிட்டகாங்கை நோக்கிக் கப்பலேறினார். மூன்று மாதத்தில் திரும்புவதாக எண்ணம். எதிர்க்காற்றினால் கப்பல் திசைமாறி மசூலிப்பட்டினத்தில் ஒதுங்கியது. அங்கிருந்து தரைவழியே சென்னை வந்த அவர், கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தார். இரங்கூனுக்கு அவரைப் பற்றிய உறுதியான செய்தி எட்டவில்லை. நகரில் வாந்திபேதி பரவியது. போர் வரும் என்னும் பேச்சும் எழுந்தது. உடன் பணியாற்றியோர் வெளியேற முடிவு செய்தனர். அம்மையாரும் அவர்களோடு கப்பலேறினார். கப்பல் ஆற்றிலேயே தடைப்பட்டு நின்றது. அப்போது அவர் மனம் மாறினார். தனியே இறங்கி, ஆளற்ற வீட்டிற்குத் திரும்பி, மீண்டும் ஏடுகளை விரித்தார். சில வாரங்களில், 1818 ஆகஸ்டில், கணவர் வந்து சேர்ந்தார். அன்று அவ்வீடு கைவிடப்பட்டிருந்தால் ஐந்தாண்டு முயற்சி அங்கேயே முடிந்திருக்கக் கூடும்.

1819இல் வழிப்போக்கர் தங்கும் சாவடி போன்ற ஒரு மண்டபத்தைச் சாலையோரம் அமைத்தனர். இரங்கூன் வந்து ஆறாண்டுகள் கழித்து, அவ்வாண்டு ஜூனில், மவுங் நாவ் என்பவர் முதலாமவராகத் திருமுழுக்குப் பெற்றார். கல்லீரல் நோயால் வருந்திய அம்மையார் 1821இல் தாய்நாடு சென்றார். அப்பயணக் காலத்தில் பர்மியப் பணியின் வரலாற்றைக் கடித வடிவில் எழுதி 1823இல் நூலாக வெளியிட்டார். பௌத்த மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் அக்காலத்து மேலைநாட்டுச் சமயப்பணியாளரின் ஒருசார்பு நோக்கு உண்டு. எனினும், நேரிற் கண்டதை நுணுகிப் பதிந்த நடை அவருடையது.

சிறையும் தலையணையும்

1823 டிசம்பரில் திரும்பிய அம்மையார் கணவருடன் தலைநகரான ஆவாவிற்குச் சென்றார். மறு ஆண்டே ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் முதற்போர் மூண்டது. அமெரிக்கர் என்றாலும், ஆங்கில வணிகர் வழியாகப் பணம் பெற்ற ஜட்சன் ஒற்றரென ஐயுறப்பட்டார். 1824 ஜூன் 8ஆம் நாள் அவரைக் கட்டிச் சிறைக்கு இழுத்துச் சென்றனர். கால்களில் மூன்று விலங்குகள் பூட்டினர்.

அந்நாளில் அம்மையார் செய்த இரு செயல்கள் ஒப்புநோக்கத்தக்கன. வெளிநாட்டுத் தொடர்பு வெளிப்பட்டுக் கணவர்க்கு மேலும் இடர் நேருமோ என அஞ்சி, தம் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தாமே அழித்தார். ஆனால், பர்மியப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் படியை வீட்டின் கீழ் மண்ணில் புதைத்தார். மழைக்காலத்து ஈரம் அதை அழித்துவிடும் என உணர்ந்து, பின்னர் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். எவரும் விரும்பாதபடி கரடாகவும் அழகற்றதாகவும் அமைந்த அத்தலையணையைச் சிறையில் ஜட்சன் தலைக்கு வைத்துப் படுத்தார். தம் எழுத்தை இழந்து மொழியின் ஏட்டைக் காத்தார் அம்மையார்.

நாள்தோறும் அதிகாரிகளின் வாயில்களில் நின்று மன்றாடி, உணவு கொண்டு சென்று, கணவரின் உயிரைக் காத்தவரும் அவரே. 1825 ஜனவரியில் மரியா என்னும் மகள் பிறந்தாள். சில மாதங்களில் கைதிகளை வேறூர்ச் சிறைக்கு மாற்றியபோது, கைக்குழந்தையோடு படகிலும் வண்டியிலும் பின்தொடர்ந்தார். அங்குக் கடும் நோயுற்றுப் பால் வற்றிய நிலையில், காவலர்க்குக் கையூட்டுத் தந்து ஜட்சன் குழந்தையை ஏந்தி, விலங்கிட்ட கால்களோடு வீடுவீடாகச் சென்று பாலூட்டும் தாய்மாரிடம் இரந்தார். அவ்வூர்த் தாய்மார் பாலூட்டினர்.

இடமாற்றத்தின்போது காவலர் தலையணையின் மேலுறையை எடுத்துக்கொண்டு உட்பொதியை எறிந்துவிட்டனர். ஜட்சனிடம் அன்பு கொண்ட மவுங் இங் என்பவர் நினைவுப்பொருளாக அதை எடுத்து வைத்தார். பல மாதங்களுக்குப் பின் அதனுள் ஏடு சிதையாமல் இருந்தது.

மறைவும் பணி நிறைவும்

1826 பிப்ரவரியில் யந்தபோ உடன்படிக்கையோடு போர் முடிந்தது. குடும்பம் அமெர்ஸ்ட் என்னும் புதிய கடற்கரை ஊரில் குடியேறியது. ஆங்கிலத் தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் மீண்டும் ஆவா சென்றிருந்தபோது, அக்டோபர் 24ஆம் நாள் அம்மையார் காய்ச்சலால் மறைந்தார். கணவரின் சிறைவாசலில் நாள்தோறும் நின்றவருக்கு இறுதி வேளையில் கணவர் அருகில் இல்லை. ஆறு மாதங்களில் மரியாவும் தாயைப் பின்தொடர்ந்தாள்.

காக்கப்பட்ட ஏடு திருத்தம் பெற்று 1832இல் புதிய ஏற்பாடாக அச்சேறியது. 1834 ஜனவரி 31ஆம் நாள் பர்மிய விவிலியம் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டு நிறைவுற்றது. ஆங்கில – பர்மிய அகராதி 1849இல் வெளிவந்தது. 1850இல் ஜட்சன் கடற்பயணத்தில் இறந்து வங்கக் கடலில் அடக்கமானார்; எஞ்சிய பர்மிய – ஆங்கில அகராதியை 1852இல் பிறர் முடித்து வெளியிட்டனர்.

அந்நூல்களின் முகப்பில் ஆன் அம்மையாரின் பெயர் இல்லை. நூலாசிரியர் வரலாறு எழுதுவோர் எழுதியவரை மட்டும் எண்ணுவது வழக்கம். அந்த எழுத்து எரியாமலும் நனையாமலும் இருக்கக் காரணமானவரையும் சேர்த்து எண்ணும்போதே ஒரு மொழியின் வரலாறு முழுமை பெறும். வீட்டில் பேசிப் பேசி ஒரு மொழியை வசமாக்கி, அம்மொழியின் ஏட்டை ஊசி நூலால் தைத்துக் காத்த ஆன் ஜட்சன் அம்மையார், மொழித்தொண்டர் வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர்.